மஞ்சள் நனைத்த நிழல்

நொச்சிவிலக்கில் நின்ற மருத மரத்தை நான்குவழிச் சாலைக்காக வெட்டியபோது அடிமரத்தை ஒரு லாரியும் கிளைகளை இன்னொரு லாரியும் ஏற்றிக்கொண்டு போயின, சுள்ளிகளைப் பெண்கள் பொறுக்கிக்கொண்டார்கள், கூடுகளைக் காக்கைகள் கைவிட்டன, மரத்தடி மூட்டில் இருந்த இசக்கியம்மன் பீடத்தைப் பெயர்த்து டீக்கடைக்குப் பக்கத்தில் வைத்தார்கள், இப்படி எல்லாவற்றுக்கும் ஒரு போக்கிடம் கிடைத்தது, நிழல் எங்கே போனது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டியவள் மாடத்தி. பெரிய சாலையிலிருந்து ஊருக்குள் பாதை பிரிகிற அந்த விலக்கில்தான் அவளுடைய இஸ்திரி வண்டி நின்றது, வண்டிக்குப் பக்கத்தில் ஒரு கயிற்றுக் கட்டிலில் அவள் கணவன் தளவாய் கிடந்தான். தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த ஆள். வாதம் அடித்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அவனைத் தனியாக விட்டுவிட்டு வர மனமில்லாமல் காலையில் வண்டியோடு சேர்த்து அவனையும் தள்ளிக்கொண்டு வருவாள், இருட்டுவதற்குள் தள்ளிக்கொண்டு போவாள். மரம் நின்ற காலத்தில் முற்பகல் முழுக்க நிழல் சாலையின் மேற்குப் பக்கம் கிடக்கும், உச்சி சாய்ந்ததும் மெதுவாக நகர்ந்து எதிர்ப்பக்கம் போய்விடும், வெயில் காலில் ஏறியதும் தளவாய் தலையைத் தூக்கி, "ஏட்டி, சாயங்காலம் ஆயிட்டா?" என்பான், "ஆயிட்டு" என்று சொல்லி அவள் கட்டிலையும் வண்டியையும் சாலைக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போவாள். மீதி நேரமெல்லாம் அவனுக்கு ஒரே வேலைதான். வருகிற பஸ்ஸைத் தூரத்திலேயே பார்த்து, தென்காசி வண்டி, கடையம் வண்டி, அம்பை வண்டி என்று சத்தமாகச் சொல்லுவான், நிற்பவர்கள் அதைக் கேட்டுத்தான் பையைக் கையில் எடுப்பார்கள்.

மரம் போன பிறகு மாடத்தி நீலத் தார்ப்பாய் ஒன்றைக் கட்டினாள். அதற்குக் கீழே நிழலும் நீலமாக இருந்தது, சூடு குறையவில்லை, இஸ்திரிப் பெட்டியின் கரிச்சூடும் சேர்ந்து தார்ப்பாய்க்குள் தங்கிக்கொண்டது. தளவாய் பஸ்களைச் சொல்லுவதை நிறுத்தினான், பிறகு சோறு கேட்பதை நிறுத்தினான், பிறகு பேசுவதையே நிறுத்தினான். டாக்டர் நாக்கை இழுத்துப் பார்த்துவிட்டு, நாக்கில் ஒன்றுமில்லை, ஆள் இப்படியே தனக்குள்ளே போய்க்கொண்டிருந்தால் நாளாக நாளாக உடம்பு இறங்கிவிடும், எப்படியாவது பேச்சுக் கொடுங்கள் என்றார். அவள் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். அவன் வாங்கிக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வசுமதி வந்தாள். சென்னையில் கண்காட்சி வைக்கிற ஓவியக்காரி, நாற்பது வயது இருக்கும், படித்த பெண் என்பதால் விலக்கில் எல்லாரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள், அவளும் மறுக்கவில்லை. பட்டை, புற்றுமண், சிலந்தி வலை என்று கண்ணில் பட்டும் யாரும் பாராத பொருள்களை வைத்து, கண்ணுக்கே படாத பொருள்களைக் காட்டுவது அவள் வேலை. வெட்டின மருதத்தின் அடிக்கட்டை அப்போது இன்னும் மண்ணில் இருந்தது. அவள் எட்டு முழம் புதுக் கோடித் துணியை அதன் மேல் விரித்து ஓரங்களில் கல் வைத்து, மாடத்தியிடம் வாங்கிய கரியால் மெல்லத் தேய்க்க ஆரம்பித்தாள். அந்தக் கரியும் அதே மரத்தின் சுள்ளியில் சுட்ட கரிதான்.

டீக்கடை கோமதிநாயகம் வந்து பக்கத்தில் நின்றார்.

"என்ன டீச்சர், செத்த மரத்துக்குக் கோடி போடுதியளா?"

"படம் எடுக்கறேன் அண்ணாச்சி."

"போன்ல புடிச்சா ஒரு நிமிசத்துல முடிஞ்சிரும்லா."

"போன்ல மேல இருக்கறது மட்டுந்தான் வரும்."

"அப்ப கீழ இருக்கது இதுல வருமாக்கும்."

"வந்தாத்தான் தெரியும்" என்றாள் வசுமதி, தேய்ப்பதை நிறுத்தாமல்.

சாயங்காலத்துக்குள் துணியில் மரத்தின் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக எழும்பி வந்தன, மழை பெய்த வருசத்து வளையம் அகலமாகவும் பெய்யாத வருசத்து வளையம் முடியிழை போலவும் தெரிந்தது. கரி உதிராமல் இருக்க வேலம்பிசினைத் தண்ணீரில் கரைத்துப் புகைபோலத் தெளித்தாள், மறுநாள் காலை அது நன்றாகக் காயட்டும் என்று டீக்கடைக் கம்பத்துக்கும் மாடத்தியின் வண்டிக்கம்பத்துக்கும் நடுவில் நான்கு முனையையும் இழுத்துக் கட்டினாள். துணிக்குக் கீழே விழுந்த நிழலுக்கு நான்கு மூலை இல்லை. அது டீக்கடையைத் தாண்டி, பஸ் நிற்கும் இடத்தைத் தாண்டி, ஊர்ப்பாதையின் முதல் வளைவு வரைக்கும் விரிந்து கிடந்தது, கிளை கிளையாகப் பிரிந்திருந்தது, இலைகள் அசைந்தன, இரண்டு காக்கைக் கூடுகள் அதனதன் இடத்தில் இருந்தன.

கோமதிநாயகம் அண்ணாந்து துணியைப் பார்த்தார், குனிந்து தரையைப் பார்த்தார், பிறகு கடைக்குள் போய் வெயிலுக்குப் பயந்து உள்ளே இழுத்துப் போட்டிருந்த இரண்டு பெஞ்சுகளையும் வெளியே எடுத்துப் போட்டார். முதல் பஸ்ஸுக்கு வந்தவர்கள் பழைய பழக்கத்தில் நேராக அந்த இடத்துக்கே வந்து நின்றார்கள். மாடத்தி தார்ப்பாயை அவிழ்த்துச் சுருட்டினாள். கட்டிலில் கிடந்த தளவாய் முகத்தின் மேல் இலைநிழல் ஆடுவதைக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் வாங்கிக்கொண்டான், பிறகு கண்ணைத் திறந்து சாலையைப் பார்த்து, "கடையம் வண்டி" என்றான். மாடத்தி இஸ்திரிப் பெட்டியை ஒரு சட்டையின் மேல் வைத்தபடியே நின்றுவிட்டாள், சட்டை கருகிப் போயிற்று.

அதற்குப் பிறகு விலக்கு அந்த நிழலைச் சுற்றித் தன்னை ஒழுங்கு பண்ணிக்கொண்டது. நிழலுக்குள் எச்சில் துப்பக் கூடாது என்று ஏற்பாடாயிற்று. வெயில் ஏற ஏற நிழல் நகர்வதால் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவள் முதலில் எங்கே உட்கார்வாள், பூக்காரி எங்கே, ஆட்டோக்கள் எங்கே என்று ஒரு சண்டை வந்து அதுவும் தீர்ந்தது. ஆடுகள் வந்து படுத்தன, காக்கைகள் வந்து தரையில் கிடந்த கூட்டின் நிழலைச் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு, மேலே பார்த்துக் குழம்பிப் பறந்து போயின. சாலைக்காரர்கள் ஒருநாள் வந்து அடிக்கட்டையைத் தோண்டி எடுத்துக் குழியை மூடிவிட்டுப் போனார்கள், நிழலில் உட்கார்ந்து டீயும் குடித்தார்கள். இது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டபோது, "மருத மரத்து நெழலு, அப்பிடித்தான் இருக்கும்" என்றாள் பூக்காரி.

வசுமதிக்குத்தான் தர்மசங்கடம். சென்னைக் கண்காட்சிக்காகச் செய்த துணி அது. கொண்டுபோனாள். பெரிய மண்டபம், குளிர்சாதனம், கூரையில் கட்டியவுடன் பளபளத்த தரையில் நிழல் விரிந்தது. வந்தவர்கள் நிழலைப் பார்த்துவிட்டு உடனே கூரையைப் பார்த்தார்கள், விளக்கும் கருவியும் எங்கே ஒளித்து வைத்திருக்கிறது என்று தேடினார்கள், அருமையான யோசனை என்று அவளிடம் கைகொடுத்தார்கள். ஒருவரும் நிழலில் உட்காரவில்லை. வெயில் இல்லாத இடத்தில் எந்தப் பக்கம் நகர்வது என்று தெரியாமல் அது காலையிலிருந்து இரவு வரை ஒரே இடத்தில் கிடந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றாள்.

துணி போன அன்றே தளவாய் வாயை மூடிக்கொண்டான். மாடத்தி கோமதிநாயகத்தின் போனை வாங்கிப் பேசினாள். "டீச்சர், ஒங்க சாமான், நான் கேக்கக் கூடாது. இவருக்கு மறுபடியும் சோறு எறங்க மாட்டக்கு." கண்காட்சி முடிய இன்னும் நாள் இருக்கும்போதே வசுமதி துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ரயில் ஏறினாள்.

அதை மறுபடி கட்டிக் கொடுத்துவிட்டு அவள் மாடத்தியிடம் சொன்னாள்: "இது உங்ககிட்டயே இருக்கட்டும் அக்கா. ஒண்ணே ஒண்ணு, தண்ணி மட்டும் பட்டுடக் கூடாது. பிசின் கரைஞ்சா கரி நிக்காது. கட்டையையும் தோண்டிட்டாங்க, திரும்ப எடுக்கவும் முடியாது."

"பொத்தி வச்சிருப்பேன் டீச்சர்" என்றாள் மாடத்தி.

அப்படியேதான் வைத்திருந்தாள். மேற்கே மலைப்பக்கம் கொஞ்சம் கறுத்தாலே அவிழ்த்து மடித்து வண்டியின் அடித்தட்டில், துவைத்த துணிகள் எதுவும் பக்கத்தில் இல்லாமல் வைப்பாள். துணியில் சுருக்கம் விழுந்திருப்பது அவள் கண்ணை உறுத்தும், கை பெட்டியை நோக்கிப் போகும், ஆனால் கோடித் துணிக்குத் தண்ணீர் தெளிக்காமல் இஸ்திரி போட முடியாது என்பதால் சுருக்கத்தோடேயே விட்டுவிடுவாள். தளவாய் பஸ்களைச் சொல்லிக்கொண்டிருந்தான். சோறு கேட்டான். குழம்பில் உப்பு இல்லை என்று ஒருநாள் ஏசவும் செய்தான், அவள் அதைப் பூக்காரியிடம் போய் ஒரு விசேஷம் போலச் சொன்னாள்.

சித்திரை பிறந்து இசக்கியம்மனுக்குக் கொடை விழா வந்தது. மரத்தடியில் இருந்தவரை அம்மனுக்குப் பந்தல் போட்டதில்லை, மரமே பந்தலாக இருந்தது. இப்போது அம்மன் வெயிலில் இருந்தாள். அவளுக்கு மேலே அந்தத் துணியைக் கட்டினால் பழையபடி மருத நிழலில் இருப்பாளே என்று யாருக்கோ தோன்றி, எல்லாருக்கும் அது ரொம்பச் சரியாகப் பட்டது. மாடத்திக்கும் பட்டது. கட்டிலை அம்மனுக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டால் போதும், நிழல் எல்லாருக்கும் எட்டும்.

கொடையன்று உச்சிப் பொழுதில், மேளம் நின்று வில்லுப்பாட்டு தொடங்குவதற்கு முன்னால், பூசாரி மந்திரமூர்த்தி கையை நீட்டினார். அவருக்குப் பக்கத்தில் அண்டா நிறைய மஞ்சள் தண்ணீர் இருந்தது.

"துணியக் கொண்டா மதினி. நனைச்சுக் கட்டிருவோம்."

மாடத்தி துணியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். "நனைக்கணுமா?"

"பின்ன? இது கோடியில்லா. மஞ்ச நனைக்காம அம்மனுக்கு மேல எப்பிடிக் கட்ட?"

"டீச்சரு…" என்று ஆரம்பித்தாள்.

"டீச்சருக்கு இதெல்லாம் எங்க தெரியும்" என்றாள் பூக்காரி. பிறகு, கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமல், எல்லாருக்கும் தெரிந்ததைச் சொல்லுவது போலவே சொன்னாள்: "மஞ்ச படாத கோடி எதுக்கு மதினி ஆவும்?"

எதற்கு ஆகும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். புதுச் சேலையோ புது வேட்டியோ, ஒரு முனையிலாவது மஞ்சள் வைக்காமல் அந்தப் பக்கத்தில் யாரும் உடம்பில் சுற்றுவதில்லை; மஞ்சள் வைக்காத கோடி பிணத்தின் மேல்தான் விழும். கூட்டத்தில் நாலைந்து பேர் அவர்களை அறியாமலே கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்கள். மாடத்தியும் பார்த்தாள். தளவாய் மேளக்காரனைப் பார்த்து ஒரு பக்கத்து வாயால் சிரித்துக்கொண்டிருந்தான். இத்தனை மாதமும் அவன் தலைக்கு மேலே என்னத்தைக் கட்டி வைத்திருந்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, செத்த மரத்துக்குக் கோடி போடுகிறீர்களா என்று கோமதிநாயகம் அன்றைக்குக் கேட்டதும் நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்றால் என்ன சொல்லி வேண்டாம் என்பது? மஞ்சள் படக் கூடாது என்று ஒரு பெண் தன் வாயால், அம்மன் முன்னால், புருசனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்லுவாள்? பொத்தி வச்சிருப்பேன் டீச்சர் என்று சொன்னதும் அவள் நினைவில்தான் இருந்தது. இரண்டு கையாலும் துணியை நீட்டினாள்.

அண்டாவுக்குள் துணி போனதும் மஞ்சள் தண்ணீர் முதலில் பச்சையாகி, பிறகு கறுத்தது. மந்திரமூர்த்தி இரண்டு முறை அமுக்கி எடுத்து, பிழிந்து, அம்மனுக்கு மேலே நான்கு கம்பிலும் இழுத்துக் கட்டினார். நல்ல மங்களகரமான மஞ்சள், வளையங்கள் இருந்த இடத்தில் பழைய காயத்தின் தழும்பு போல ஏதோ தெரிந்தது, கீழே விழுந்த நிழலுக்கு நான்கு மூலை இருந்தது.

வெள்ளரிப்பிஞ்சுக்காரி கூடையைக் கொஞ்சம் நகர்த்தினாள்.

"ஈரத் துணில்லா" என்றார் கோமதிநாயகம். "காஞ்சா வந்துரும்."

அதை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். வில்லுப்பாட்டு தொடங்கியது. அந்த வெயிலில் துணி பாட்டின் முதல் கதை முடிவதற்குள் காய்ந்துவிட்டது, ஆனால் காய்ந்தது என்று ஒருவரும் எழுந்துபோய்த் தொட்டுப் பார்க்கவில்லை.

அம்மனுக்கு நனைத்த மஞ்சள் தண்ணீரைக் கால் மிதிபடுகிற இடத்தில் கொட்டக் கூடாது. எப்போதும் மருத மூட்டில்தான் ஊற்றுவது. மந்திரமூர்த்தி அண்டாவைத் தூக்கிக்கொண்டு யோசித்து நின்றார், பிறகு மரம் நின்ற இடத்துக்கே நடந்தார். அந்த இடம் இப்போது நான்குவழிச் சாலையின் நட்டநடுவில், போகிற பாதைக்கும் வருகிற பாதைக்கும் இடையில் அரளி நட்ட மண்மேடாக இருந்தது. இரண்டு பக்கமும் இரும்புத் தடுப்பு. அங்கே யாருடைய காலும் படாது. இளவட்டங்கள் துண்டை வீசி லாரிகளை நிறுத்தினார்கள், அவர் அந்தக் கறுத்த தண்ணீரைத் தடுப்புக்கு உள்ளே அரளி மூட்டில் ஊற்றிவிட்டுத் திரும்பி வந்தார்.

மறுநாள் காலையில் மருத நிழல் அங்கே இருந்தது.

முன்பு போல விரிந்து கிடக்கவில்லை, தண்ணீர் எவ்வளவு தூரம் ஊறியதோ அவ்வளவுதான், உச்சிவெயிலில் மரத்தின் காலடியில் ஒடுங்கிக் கிடக்கும் நிழலின் அளவு, அரளிச்செடிகளை மூடி இரண்டு பக்கத்துத் தார்ச்சாலையிலும் கொஞ்சம் வழிந்திருந்தது, பொழுது சாய்ந்தாலும் நகரவில்லை. இலைகள் அசைந்தன. ஒரு காக்கைக் கூடு மட்டும் தெரிந்தது. லாரிகள் அதற்குள் புகுந்து வெளியே வந்தன, அந்த இடத்தில் கண்ணிமைக்கும் நேரம் முகத்தில் ஒரு குளுமை அடிக்கிறது என்று டிரைவர்கள் டீக்கடையில் சொன்னார்கள். ஆட்டோக்காரர் ஒருவர் தடுப்பைத் தாண்டிக் குதித்துப் போய் உட்கார்ந்து பார்த்தார், ரோந்து வண்டி வந்து ஏசி இறக்கிவிட்டது. பிறகு யாரும் போகவில்லை. விலக்கு அதற்கும் பழகிக்கொண்டது. பெஞ்சுகள் கடைக்குள்ளே போயின, பூக்காரி குடை வாங்கினாள், வெள்ளரிப்பிஞ்சுக்காரி வேறு ஊர் விலக்குக்குப் போனாள். அரளி மட்டும் நிழலில் நின்றதால் பூப்பதை விட்டுவிட்டது.

வசுமதிக்குச் செய்தியை யாரும் சொல்லவில்லை, மழைக்காலத்துக்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவளாகவே வந்து இறங்கினாள். மாடத்தியின் வண்டிக்கு மேலே மஞ்சள் துணி கட்டியிருந்தது, சுருக்கம் ஒன்றில்லாமல் இஸ்திரி போட்டிருந்தது. வசுமதி அதை அண்ணாந்து பார்த்தாள், பிறகு திரும்பிச் சாலையின் நடுவைப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள்.

"தெரியாமச் செஞ்சுட்டாங்களா அக்கா?"

மாடத்தி பெட்டியிலிருந்த கரியை ஊதிவிட்டுக்கொண்டிருந்தாள். "அவுகளுக்குத் தெரியாது டீச்சர். எனக்குத் தெரியும்."

"சொல்லலையா?"

"வாயில வந்துச்சு." ஊதுவதை நிறுத்தினாள். "என்னன்னு சொல்ல? இந்தத் துணிக்கு மஞ்ச ஆவாதுன்னா சொல்ல, இவர வச்சுக்கிட்டு?"

வசுமதிக்கு அது புரியச் சற்று நேரம் பிடித்தது. தான் அன்றைக்கே காரணத்தை விளக்கமாகச் சொல்லி, துணியின் ஒரு ஓரத்தில் மட்டும் மஞ்சள் தொட்டு வைத்திருக்கலாம், அல்லது தேய்ப்பதற்கு முன்னால் மஞ்சளில் நனைத்த துணியையே வாங்கியிருக்கலாம். கரி மஞ்சள் துணியிலும் ஏறும். அதை இப்போது சொல்லுவதால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று சொல்லாமல் விட்டாள். பெட்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றாள்.

"அவர் எப்படி இருக்கார்?"

"பஸ்ஸு சொல்லுததில்ல. ஒரு வார்த்த மட்டும் பேசுதாரு" என்றாள் மாடத்தி.

கட்டிலில் தளவாய் பாதியாகக் கிடந்தான். கடையம் வண்டி வந்து நின்று போனது, அம்பை வண்டி வந்து நிற்காமல் போனது, அவன் கண் எதன் பின்னாலும் போகவில்லை, சாலைக்கு நடுவில் இலையசைத்துக் கிடந்த அந்த நிழலிலேயே இருந்தது. காலை ஒன்பது மணி வெயில் அவன் காலில் ஏறியது. தலையைக் கொஞ்சம் தூக்கினான்.

"ஏட்டி" என்றான். "நெழலு அந்தப் பக்கம் போயிட்டு. சாயங்காலம் ஆயிட்டா?"

மாடத்தி வசுமதியைப் பார்க்கவில்லை. இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, கட்டிலின் கால்மாட்டைப் பிடித்து, இழுத்துப் போக இடமில்லாததால் இருந்த இடத்திலேயே ஒரு சாண் நகர்த்திப் போட்டாள்.

"ஆயிட்டு" என்றாள். "செத்த நேரம் படுத்திருங்க. விடிஞ்சா இந்தப் பக்கம் வந்துரும்."